தராசுக்கொடியைத் தேடி வந்த பூச்சி

பண்ணைப்புரத்து ராமுத்தாய்க்குச் சந்தேகம் என்பது வெற்றிலை போடுவது மாதிரி. ஒரு வேளை தவறினாலும் நாக்கு நமநமவென்று இருக்கும். பால்காரி சிரித்தால் தண்ணீர் கலந்திருப்பாள்; சிரிக்காவிட்டால் கண்டிப்பாகக் கலந்திருப்பாள். அக்கம்பக்கத்திலிருந்து பலகாரம் வந்தால் முதல் விள்ளல் கோழிக்கு. கோழி கொஞ்ச நேரம் உயிரோடு நடமாடிய பிறகுதான் மகள் பவுனுக்கு. அந்தக் கோழி அப்படிக் கொழுத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. புருஷன் சின்னச்சாமி ஒரு நாள் கொல்லை வேலியோரம் பாகற்காய் பறிக்கப் போனான். பாம்பு தீண்டி, பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஒருத்தி எதைத்தான் நம்புவாள்?

வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாள் வீடு. அவள் மகன் சுருளிவேலுக்குப் பவுனைக் கொடுப்பதாகப் பேச்சு, ஐப்பசியில் கல்யாணம். கஸ்தூரியம்மாளின் புருஷன் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். மலையாளத்துப் பக்கம் போய்வருகிற ஆள் என்றாலே ராமுத்தாய்க்கு ஆகாது. அங்கன மாந்திரீகம் தெரியாத மனுஷனே கிடையாது என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.

யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம், ஆவணி மாசம். வெயில் ஏறுகிற நேரத்தில் கஸ்தூரியம்மாள் வீட்டுக் கூரையைத் தாண்டி அந்தப் பூச்சி வந்தது. விரித்த கை அகலம். முன் றெக்கை அட்டக் கறுப்பு, பின் றெக்கை பளபளவென்று மஞ்சள். எலுமிச்சைக்கு வருவது, எருக்குக்கு வருவது என்று எத்தனையோ பட்டாம்பூச்சி பார்த்தவள் ராமுத்தாய். இது எதிலும் சேரவில்லை. தோட்டத்தில் செம்பருத்தியும் அரளியும் பூத்துக் கிடக்க, அதையெல்லாம் விட்டுவிட்டு வேலிக்குப் போய் ஒரே கொடியில் இலை இலையாகத் தொட்டுப் பார்த்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நாலாம் நாள் பவுனுக்குக் காய்ச்சல்.

போதாதா? வேலியை விலக்கிப் பார்த்தாள். கொடி முழுக்கக் கருஞ்சிவப்பில் முள்ளு முள்ளாகப் புழுக்கள். கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் வேர் அந்தப் பக்கம், கஸ்தூரியம்மாள் மண்ணில் இருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிப் பாத்தி வேறு கட்டியிருந்தது.

"அடிப் பாவி, வளத்து விட்டுருக்காளே!" என்று வேலிக்குள் கையை விட்டு, கொடியை வேரோடு பிடுங்கித் தீயில் போட்டாள்.

அன்று மத்தியானம், பவுனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, கஸ்தூரியம்மாள் ஒரு வெண்கலக் கும்பாவில் ரசம் கொடுத்தனுப்பினாள். ராமுத்தாய் அதைச் சாக்கடையில் ஊற்றி, கும்பாவைக் கழுவி, வெறுமனே திருப்பி அனுப்பினாள். ஊரில் அப்படி யாரும் செய்யமாட்டார்கள். ஒன்றுமே இல்லாத வீடாக இருந்தாலும் நாலு மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வந்தால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

கஸ்தூரியம்மாள் சண்டைக்கு வரவில்லை. ஆனால் புதன்கிழமை ஜெயமங்கலத்தில் சுருளிவேலுக்கு வேறு பெண் பார்க்க வண்டி கட்டுகிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை சேதி வந்தது. பவுனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, அழுகை விடவில்லை.

"நீ நல்லா இருப்பியாத்தா? ஒரு பூச்சிக்காகவா?" என்றாள் பவுனு.

"பூச்சியா அது? இரு, ஊருக்கே காட்டுறேன்" என்று ராமுத்தாய் காத்திருந்து, கொடியில்லாத வேலியில் அலைந்துகொண்டிருந்த பூச்சியைக் கோழி மூடுகிற பஞ்சாரத்தால் கவிழ்த்துப் பிடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து உத்தமபாளையத்துச் சிக்கந்தர் ராவுத்தர் வந்தார். மலையில் வேர், பட்டை, தேன் வாங்கி ஊர் ஊராக விற்கிறவர். பஞ்சாரத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது மலைக்காட்டுப் பூச்சி தாயி. தேக்கடிப் பக்கம் நெறையக் கெடக்கு. தராசுக்கொடி எங்கன இருக்கோ அங்கனதான் முட்டையிடும். வேற எலை அது புழுவுக்கு ஆகாது. ஒங்க வேலில இருக்குமே?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" ராமுத்தாய் கண்ணைச் சுருக்கினாள்.

"நாந்தான வெதை கொண்டாந்து குடுத்தேன். ஒங்க வீட்டுக்காரக தவறுன மறு மாசம் கஸ்தூரியம்மா கேட்டாக. அந்தக் கொடி வாடைக்குப் பாம்பு அண்டாதுல்ல? 'பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டுத் தனியா இருக்கா, வேலிய அடைக்கணும். அவகிட்டச் சொல்லிராதீக, இதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பா'ன்னாக."

ராவுத்தர் பஞ்சாரத்தைத் தூக்கினார். பூச்சி எழும்பி வேலி வரை போய், எதுவும் கிடைக்காமல் மலைப் பக்கம் திரும்பியது. அந்தக் கொடியை ராமுத்தாய் தன் கையாலேயே எரித்திருக்கிறாளே!

சொந்தக் கும்பாவில் கருப்பட்டியை நிறைத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"மதினி, கொடியப் பிடுங்குனது நாந்தேன். செய்வினைன்னு நெனச்சுட்டேன். புத்தி கெட்டுப் போச்சு."

"தெரியும். பொகை எங்க வீட்டுக்குத்தான வந்துச்சு" என்றாள் கஸ்தூரியம்மாள். கும்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான்.

ராமுத்தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்பா எப்படித் திரும்பி வரும்? வெறுமனே வந்தால் மகள் வாழ்க்கை போச்சு. கேட்க வாயில்லை, தானே தொடங்கிய வழக்கு. உள்ளே பானை நகர்கிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றே காக்க வைக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

கஸ்தூரியம்மாள் வந்து கும்பாவை நீட்டினாள். அடியில் ஒரு பிடி விதை.

"மொதல்ல இத ஊனு. பாம்பு வர்ற வழி தெறந்து கெடக்கு. ஜெயமங்கலத்துக்கு வண்டி வேணாமுன்னு சொல்லிவிட்டுக்கிறேன்."

ராமுத்தாய் கும்பாவை வாங்கினாள். பழக்க தோஷம், ஒரு விதையை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள். கஸ்தூரியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். ராமுத்தாய் வெட்கப்பட்டுக் கீழே உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, வேலிக்குத் தன் பக்கத்தில் அதை ஊன்றினாள்.