அல்போன்சா மிஸ் வாங்கிய மார்க்

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய எங்கள் கல்லூரியில் அல்போன்சா மிஸ் நடத்துவது மென்திறன் வகுப்பு. மேடையில் பேசுவது, சேர்ந்து வேலை செய்வது, அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எல்லாம் அதில் அடக்கம். இதற்கெல்லாம் எப்படி மார்க் போடுவது என்று தவித்த நிர்வாகம், இந்த வருடம் ஒரு மென்பொருள் வாங்கியது. மாணவர்கள் கேமரா முன்னால் பேசினால் போதும். தலைமைப் பண்பு முதல் பரிவு வரை அதுவே அளந்து சொல்லிவிடும்.

தொடக்க விழாவில் தாளாளர் முதல் ஆளாக மிஸ்ஸையே உட்கார வைத்தார். மிஸ் வழக்கம்போல நிதானமாகப் பேசி, நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். கேமராவுக்கு வாய் ஏது? நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது. அடுத்து உட்கார்ந்த நெய்க்காரப்பட்டி மாணவன் பழனிக்குமாருக்குத் தொண்ணூற்று மூன்று. லீவு நாளில் பழனி பஸ் ஸ்டாண்டில் லாட்ஜுக்கு ஆள் கூப்பிடுகிறவன் அவன்.

ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று மென்பொருள் அறிவித்தது. அதை நடத்துபவரும் அல்போன்சா மிஸ்தான். தன் பெயரைத் தானே கூப்பிட்டு, "பிரசன்ட் மிஸ்" என்றும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டாஃப் ரூமில் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மாதக் கடைசிக்குள் ஐம்பதைத் தாண்டாவிட்டால் வேலை கிடையாது என்று தாளாளர் சொன்னதும் சிரிப்பு நின்றது. மிஸ் வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

மிஸ் பழனிக்குமாரைப் பிடித்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்க மிஸ். மூச்சு விடாமப் பேசோணும். எதிராளி யோசிக்கிறதுக்குள்ள பையைத் தூக்கிரோணும்."

"பதில் சொல்ல விட வேணாமாடா?"

"விட்டா அடுத்த லாட்ஜுக்குப் போயிருவாங்களே!"

மறுதேர்வில், "என் வாழ்க்கை லட்சியம்" என்ற தலைப்பை, சுடுதண்ணி, கார் பார்க்கிங், கோயிலுக்குப் பக்கம் என்று பழனிக்குமார் கூவுகிற அதே ராகத்தில் மிஸ் விற்றுத் தீர்த்தார். தொண்ணூற்றாறு! பரிவில் முழு மார்க். தாளாளர் சால்வை போர்த்தினார்.

மறுநாள் ஒரு கையெழுத்துக்காக மிஸ்ஸின் வகுப்பு வாசலில் நின்றேன். கீரனூர் சுகன்யா பதில் சொல்ல எழுந்தாள். அவளுக்கு வார்த்தை வர நேரமாகும். எவ்வளவு நேரமானாலும் மிஸ் காத்திருப்பார். அன்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், "வெரி குட், உட்காரு, அடுத்த கேள்வி!" என்றார் மிஸ்.

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. சுகன்யா பக்கம் திரும்பினார். எனக்கும் பாவமாக இருந்தது.

"சொல்லும்மா, என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லீங்க மிஸ்."

அவ்வளவு வேகமாக அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.