மொட்டைக் கிடாய்

யுத்த வருஷங்கள் அவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் கணவர் இருமலில் ரத்தம் கண்டு படுத்துவிட்டார். முத்தையாபுரத்தில் குடியிருந்தோம். வந்து பார்த்த டாக்டர், “பாலும் முட்டையும் கொடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டைக்கு வழியில்லை. கொம்பில்லாத வெள்ளாடு ஒன்று இருந்தது. மொட்டையாடு என்போம். காலையில் உழக்குப் பால் கறக்கும்.

அதற்கு முன் வளர்த்த கொம்பாடு என் மகளின் கன்னத்தைக் கிழித்திருந்தது. அதனால் குட்டிகளும் மொட்டையாகவே பிறக்கட்டும் என்று, சாயர்புரம் வரை நடத்திப் போய் ஒரு மொட்டைக் கிடாயோடு சேர்த்தேன். இரண்டு குட்டிகள். இரண்டும் மொட்டை, இரண்டும் பெட்டை. அந்த ஈற்றிலேயே தாய்க்கு மடி வீங்கி ஒரு காம்பு அடைத்துப்போனது. கொஞ்ச நாளில் பாலும் வற்றியது. அந்த மடி இனித் தேறாது, எல்லாம் குட்டிகள்தான் என்று நினைத்தேன். எங்கள் கஞ்சியில் பாதியை அவற்றுக்கு ஊற்றினேன்.

வருஷம் ஒன்றாகியும் அவை பருவம் வந்து கிடாய்க்குக் கத்தவில்லை. ஒன்று, கிடாயைப் போலத் தாய்மேலேயே தாவியது. அந்தப் பக்கம் மந்தையோடு வந்த கயத்தாறு வியாபாரியிடம் காட்டினேன். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏளா, இது பெட்டையுமில்ல, கிடாயுமில்ல. சினை புடிக்காது. பால் எங்கன வரும்?”

“ரெண்டுமா அண்ணாச்சி?”

“ரெண்டுந்தான். தாயும் தகப்பனும் மொட்டையோ?”

தலையாட்டினேன்.

“மொட்டைய மொட்டையோட சேக்கப்படாது. எல்லாக் குட்டியும் கெடாது. ஆனா பெட்டையிலதான் இப்படி விழும். நாங்க கொம்புக் கிடாயத்தான் விடுவோம்.”

உள்ளேயிருந்து கணவர் கேட்டார்: “என்ன சொல்லுதாரு?”

“இன்னும் கொஞ்ச மாசம் ஆகுமாம்” என்றேன்.

மிச்சமிருந்த ஒரு காம்பை நம்பி, தாயாட்டை வியாபாரியின் கொம்புக் கிடாயோடு சேர்த்தேன். அவர் அந்த இரண்டையும் கறிக்கென்று ஓட்டிப் போனார். அதன்பின் ஐந்து மாதம். கணவரின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. ஆடு ஈன்றதும் சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கொண்டுபோனேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

“நம்ம குட்டி பாலா?”

“ஆமா” என்றேன்.

பதினோரு நாள் இருந்தார். அவரைக் கொண்டுபோன அன்று சாயங்காலம், மடி கனத்து ஆடு விடாமல் கத்தியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நானே போய்க் கறந்தேன். காய்ச்சி மகளுக்குக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.