மாங்கொட்டைக்கு வந்த மவுசு

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. திருப்பதியில் தரிசனம் முடித்த கையோடு காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்து, எழுபது கிலோமீட்டர் கடந்து சித்தூர் வந்து இறங்கினேன். அங்கிருந்து பெங்களூர் சாலையில் இருபது சொச்சம் கிலோமீட்டர் போனால் பங்காருபாளையம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஸ்டெல்லா அங்கே புதுத் தொழில் தொடங்கியிருந்தாள். என்ன தொழில் என்று போனில் கேட்டதற்கு, "மாங்கொட்டை" என்றாள். கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சாலை நெடுக மாம்பழ டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. எல்லாம் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் கிளிமூக்கு மாம்பழம்.

"முந்தி இந்தப் பக்கம் மூக்கப் பொத்திக்கினுதான் போவணும்மா," என்றார் ஷேர் ஆட்டோக்காரர். "கூழு எடுத்துட்டு கொட்டைய ரோட்டோரம் தள்ளிட்டுப் போயிடுவாங்க. இப்ப ஒண்ணு கெடக்குதா பாருங்க!"

தலையை நீட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அத்தனையும் ஸ்டெல்லாவின் களத்தில் தார்ப்பாய்மேல் காய்ந்துகொண்டிருந்தன. அவள் சித்தூரில் பழைய கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வேதியியல் படித்து, கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் பழத்தின் இனிப்பை அளக்கும் வேலையில் இருந்தவள். கைநிறையச் சம்பளத்தை விட்டுவிட்டுக் குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று வீட்டில் ஒரே சண்டையாம்.

"நைனா இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசலடீ," என்றவள், ஒரு கொட்டையை எடுத்து என் காதருகே ஆட்டினாள். உள்ளே கடகடவென்றது. "பருப்பு சுருங்கி உருளுது பாரு, அப்படின்னா காஞ்சிடுச்சு. அதுலருந்து வெண்ணெ மாதிரி கொழுப்பு எடுப்பாங்க. சோப்புக்கு, க்ரீமுக்கு எல்லாம் வாங்கிக்கினு போறாங்க."

நானும் வெட்கத்தை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"வெளையாடினது போதும். இப்ப ஃபேக்டரி மேனேஜர் வருவாரு. அடுத்த சீசனுக்குக் கொட்டை உண்டா இல்லையான்னு இன்னிக்குச் சொல்லிடுவாரு. மத்த ஃபேக்டரிக்காரங்களும் இவரு இன்னா செய்யறாருன்னுதான் பாத்துக்கினு இருக்காங்க."

இதுவரை, எடுத்துப் போனால் போதும் என்று சும்மா கொடுத்தார்கள். இப்போது அதன் மவுசு அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

பதினோரு மணி வாக்கில் மேனேஜர் வந்தார். தன்மையான மனிதர். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "தப்பா நெனைக்காதம்மா. வர்ற சீசன்லருந்து நாங்களே காயவச்சு வித்துக்கறோம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க," என்றார். குப்பையாகக் கிடந்தபோது எங்கே போயிருந்தார்களாம்?

ஸ்டெல்லா முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு எழுந்து, "ஒரு நிமிஷம் வாங்க சார்," என்று அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் கொட்டையைப் போட்டால் பருப்பு தனியாகவும் ஓடு தனியாகவும் விழுந்தன.

"காயவைங்க சார், வேணாம்னு சொல்லல. யாரு ஒடைப்பாங்க? பருப்பு நசுங்கினா வாங்கறவன் திருப்பிடுவான். நசுங்காம ஒடைக்க எனக்கே ரெண்டு சீசன் ஆச்சு." ஓட்டை அள்ளி அவரிடம் நீட்டினாள். "உங்க பாய்லருக்கு வெறகு வாங்கிக்கினு இருக்கீங்களே, இது நின்னு எரியும்."

மேனேஜர் பருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாகுந்தி," என்று தெலுங்கில் மெச்சினார். மற்றபடி பிடி கொடுக்கவில்லை. ஒரு மூட்டை ஓட்டை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் ஸ்டெல்லா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நான்கு மணிக்குப் போன் வந்தது. ஓடு நன்றாக எரிகிறதாம். காயவைப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். உடைக்கிற வேலை முழுக்க இவளுக்கு, ஓட்டையும் அவர்களே வாங்கிக்கொள்வார்களாம்.

"களம் போச்சு, மிஷின் தப்பிச்சிடுச்சுடீ," என்று சொல்லி என் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். அழுது முடித்ததும், "கொழுப்பு எடுக்கற மிஷினையும் பாத்து வெச்சிருக்கேன். அவங்க ஒடைக்கக் கத்துக்கறதுக்குள்ள அதுக்குப் போயிடணும்," என்றாள். அசந்துபோனேன்.

சாயங்காலம் காட்பாடிக்கு வந்து திருப்பூர் ரயில் ஏறினேன். எங்கள் ஊரிலும் பனியன் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியை ஒரு காலத்தில் கேட்பாரில்லை. இன்று அதற்குக் குடோன்களும் நூல் மில்களும் இருக்கின்றன, போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதை முதன்முதலில் குனிந்து பொறுக்கியவர் யார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பங்காருபாளையத்தில் அது யார் என்று நாளை யாராவது கேட்டால், எனக்குத் தெரியும்.