புகை பார்க்கப் போன நேரத்தில்

என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிவகாசியில் முதலில் சொன்னவள் நான்தான். ஊர் அப்புறம்தான் சொன்னது. பட்டாசு லேபிள் அடிக்கிற பிரஸ் வைத்திருக்கிற மனுஷன், பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்து படம் படமாக இறக்கி வந்து, பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்த குடோனில் ஆகாய விமானம் செய்ய ஆரம்பித்தால் வேறென்ன சொல்வது? இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அனுமதிக்கெல்லாம் அலைவது பிறகு, முதலில் இறக்கை என்றார். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த மனுஷன் நிஜமாகவே இதில் ஏறி உட்காரப் போகிறார் என்று புரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறக்கைக்குள் நெடுக ஓடுகிற மரச்சட்டம் ஒன்று உண்டு. ஸ்பார் என்பார். வானத்தில் விமானத்தின் பாரம் முழுவதையும் அதுதான் தாங்க வேண்டும். ஒடிந்தால் இறக்கை மடங்கிவிடும், அப்புறம் ஆள் மிஞ்ச மாட்டார். இதை அவரே என்னிடம், கத்திரிக்காய் வதக்குகிற பக்குவம் சொல்வது போலச் சொன்னார். அந்தச் சட்டத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெளிநாட்டிலிருந்து பழைய அச்சு மிஷின் வந்திறங்கிய பெட்டி! எங்கள் ஊர் பிரஸ்காரர்கள் அந்தப் பலகையில் ஸ்டூல் செய்வார்கள், கோழிக்கூடு செய்வார்கள். இவர் நேரான ரேகை ஓடிய பலகைகளாகப் பொறுக்கி, இழைத்து, ஒட்டி, இறக்கைச் சட்டம் செய்துவிட்டார்.

"அம்புட்டுக் கடல் தாண்டி மிஷினையே சொமந்து வந்த மரம்டி. என்னையச் சொமக்காதா?"

"மிஷின் கடல்ல விழுந்தா வேற வாங்கலாம். நீங்க விழுந்தா?"

பாரம் ஏற்றிப் பார்க்காமல் அந்தச் சட்டத்தை இறக்கைக்குள் வைத்துத் துணி போர்த்தி மூட விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் வாய்க்குப் பயந்துதான் ஒத்துக்கொண்டார்.

தை மாதம், ஆர்டர் குறைந்திருந்த ஒரு மத்தியானம். கூட மாட உதவிக்கு எங்கள் மிஷின்மேன் நின்றார். எம். புதுப்பட்டிக்காரர். அவருடைய சம்சாரம் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தது. ஓடாமல் கிடந்த பழைய மிஷினின் இரும்பு உடம்போடு சட்டத்தின் ஒரு முனையைப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். மறு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து மேலே தள்ளுமாம். அதனால் சட்டத்தைத் தலைகீழாக மாட்டி, மேலே பாரம் வைத்து அழுத்தினால் அதே கணக்குதானாம். மற்ற ஊரில் மணல் மூட்டை வைப்பார்கள். எங்களுக்கு லேபிள் காகிதக் கட்டு இருக்கிறதே! முனை நின்ற இடத்துக்கு நேராகச் சுவரில் என் வீட்டுக்காரர் ஒரு பென்சில் கோடு போட்டார்.

"காதைத் தீட்டி வச்சுக்கோங்க. மரம் ஒடியிறதுக்கு முன்னால சத்தம் குடுக்கும்" என்றார். ஃபேனை நிறுத்தினோம். கட்டு மேல் கட்டாக ஏறியது. சட்டம் வளைந்தது. மிஷின்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். நான் மூலையில் நின்று, யா அல்லாஹ், ஒடிந்து போகட்டும், இங்கேயே இப்பவே ஒடிந்து போகட்டும் என்று துவா கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டும் ஏறியது.

அப்போது டமார் என்று ஒரு சத்தம். சட்டத்திலிருந்து இல்லை, வெளியே. தகரக் கூரை அதிர்ந்தது.

எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. கால் தானாகத் தெருவுக்கு ஓடும், கண் தானாக வானத்தில் புகையைத் தேடும். எந்தப் பக்கம், யார் கம்பெனி, நம் ஆள் அங்கே இருக்கிறதா? மிஷின்மேன்தான் முதலில் ஓடினார். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். தெருவே வெளியில் நின்றது. மிஷின்மேன் கம்பெனி போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் செல்லை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கடைசியில் பைக்கில் வந்த ஒருவர், "கல்லுக் குவாரி வெடிதான்யா! போங்க, போய் வேலையப் பாருங்க" என்று கத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லைனும் கிடைத்தது. சம்சாரத்தைக் கூப்பிடச் சொல்லி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

அந்த நிம்மதியோடு உள்ளே வந்தால், சட்டம் அத்தனை கட்டுகளையும் சுமந்தபடி அப்படியே நிற்கிறது.

"பாத்தியா! நின்னுருச்சுல்ல!" என்று துள்ளினார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே கட்டுகளை இறக்கினார்கள். முனை மேலே எழுந்தது. ஆனால் பென்சில் கோட்டைத் தொடவில்லை. ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது.

"போல்ட் எளகியிருக்கும்" என்றார். முடுக்கிப் பார்த்தார். போல்ட் அசையவில்லை.

"நாம தெருவுல நின்னப்ப இது சத்தம் குடுத்துச்சா இல்லையா?" என்று கேட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்க உள்ளே யார் இருந்தோம்?

"ஒடியணும்னே நிக்கிறியேடி" என்று சீறினார். ஆமாம், நின்றேன்.

பிரஸ்ஸில் அச்சுப் பிளேட் பார்ப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் மையைத் தடவித் துடைப்போம், கீறல் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கரைத்த கறுப்பு மையோடு சட்டத்துக்கு அடியில் குனிந்தேன். தடவினேன், துடைத்தேன். போல்ட்டுக்குப் பக்கத்தில், ரேகைக்குக் குறுக்கே, தலைமுடி ஒட்டினாற்போல் மெல்லிய கோடுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மரத்தின் நார் நசுங்கி மடங்கியிருந்தது.

லென்ஸை வாங்கி அவரும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருந்துட்டுப் போகட்டும். அம்புட்டுப் பாரத்தையும் தாங்குச்சுல்ல? பறக்கையில இதுல பாதிதான் வரும்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சரி. ரெண்டு சீட்டுதானே? மொத நாள் நானும் ஏறுறேன்."

"நீயா? மொட்டைமாடி ஓரத்துக்கே வரமாட்டே."

"ஏறுறேன்ங்கிறேன்ல? பாதிதானே வரும்? தாங்கும்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் என் மூஞ்சியைப் பார்க்காமல் குனிந்து ஒரு காகிதக் கட்டைத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்தார்.

"மொதலாளி, மறுபடியுமா ஏத்தப் போறீக?" என்று மிஷின்மேன் கை கொடுக்க வந்தார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, தானே இன்னொரு கட்டைத் தூக்கினார். இன்னொன்று. பாதிகூட ஏறவில்லை. சடக்கென்று மைக்கோட்டிலேயே சட்டம் மடங்கியது. கட்டுகள் சரிந்து பிரிந்து, லேபிள் காகிதம் குடோன் முழுக்கப் பரவியது.

துவா கேட்டபடியே நடந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. காகிதத்துக்கு நடுவில் நின்றபடி அவர் என்னைப் பார்த்தார்.

"ஒன்னைய ஏத்தணும்னதும்தான் பயம் வந்துச்சு. நான் மட்டும்னா ஏறியிருப்பேன்டி" என்றார்.

கையிலிருந்த மைத்துணியை அவர் முகத்தில் விட்டெறிந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.