கடை வாசலில் தொங்கிய கற்றாழை

வெல்டர் கரீம் பாய் செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். கொருக்குப்பேட்டையில் என் பழைய இரும்புக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் மகள் நஸ்ரீன் போனில் சொன்னாள். அண்ணாந்து பார்த்தேன். திருஷ்டிக்காக நான் தலைகீழாகக் கட்டிய கற்றாழை வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அவர் பட்டறை மாடி உங்களில் பலருக்குத் தெரியும். அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாக்கள், மணல் கலந்த மண், வரிசையாகச் சோற்றுக்கற்றாழை. நான் தொழில் தொடங்கிய புதிதில், அவர் அறுத்துப் போட்ட தகட்டை ஆறுவதற்குள் தொட்டுவிட்டேன். "துட்டுன்னா கை நீள்து, சூடு தெரியலயா அண்ணாச்சி?" என்று திட்டிக்கொண்டே என் கையைக் குழாயடியில் பிடித்தார். வெளிமடல் ஒன்றை அறுத்துச் சாய்த்து வைத்தார். "மஞ்ச பாலு வடியட்டும். அத்தோட பூசினா அரிச்சிகினே கெடக்கும்." பிறகுதான் தோல் சீவி, கழுவி, சோற்றைத் தடவினார்.

ஓர் அமாவாசைக்கு முன், கடைகளில் கட்டுவதற்கு விற்கலாம் என்று அத்தனை செடிகளையும் மொத்தமாகக் கேட்டேன். "வேர வானத்துக்குக் காட்டி தொங்கவுடவா வளத்தேன்? போ அண்ணாச்சி, பேஜாரு பண்ணாத." நான் வேறிடத்தில் ஒன்று வாங்கிக் கட்டினேன். அது சாகவில்லை. மடல் நுனிகள் வளைந்து மேலே திரும்பின. வரும்போதெல்லாம் பாய் அதைப் பார்ப்பார். "உசுரோட கீது. எறக்கிக் குடு, நட்டுக்கறேன்." அது வந்த பிறகே வியாபாரம் சூடு பிடித்தது. கழற்றப் பயந்து மறுத்தேன்.

போன வாரம் பார்க்கப் போனேன். படுக்கையில் கிடந்தார். பேச மூச்சு போதவில்லை.

"அத்த எறக்கினியா?"

"எறக்கிட்டேன் பாய்."

"நட்டியா?"

"நட்டுட்டேன்."

"தண்ணி ரொம்ப ஊத்தாத. அழுவிப்பூடும்."

பொய் சொல்லிப் பலருக்கு விற்றவன் நான். யாரும் என்னை இப்படி நம்பியதில்லை. அன்றும் நான் அதைக் கழற்றவில்லை. எழுந்து வந்தால்தானே பார்ப்பார் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்து வந்து, ஏணி போட்டு இறக்கினேன். சுருங்கிப்போய், கையில் கனமே இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோய் நஸ்ரீனிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. காலி டப்பா ஒன்றைக் காட்டினாள். நட்டேன். பிழைக்குமா, தெரியவில்லை.

பட்டறையை அவள் காலி செய்கிறாள். செடிகளை நான் எடுத்துக்கொள்கிறேன், என்ன விலை வேண்டும் என்று கேட்டேன். "அத்தா வெல சொன்னதில்ல மாமா. நானும் சொல்ல மாட்டேன்," என்றாள். நிபந்தனைதான் சொன்னாள். முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறைதான் தண்ணீர். வெளிமடல் மட்டுமே அறுக்கலாம். சூடுபட்டு வரும் எவரிடமும் காசு வாங்கக் கூடாது. ஒரு செடியையும் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது.