அக்கரப்பத்தனைக்கு மகளைக் கூட்டிவரப் போனது

புதன்கிழமை காலை ஆறே காலுக்குப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். டிக்கட் ஐந்நூற்று முப்பது ரூபாய். எனக்கு வயது எழுபத்திரண்டு. முழங்காலுக்குத் தைலம், ஐப்பசி மழைக்குக் குடை, மகளுக்காக என் மனைவி கட்டித்தந்த கட்டாக் கருவாடு, இவ்வளவுதான் சுமை. போகும் காரியமும் ஒன்றுதான்: மகள் நிரோஷாவை வத்தளை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வருவது.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடம் இருந்தாள். போன வருடம் அதை விட்டுவிட்டு, அக்கரப்பத்தனையில் கையால் உருட்டித் தேயிலை செய்யப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத் தரகரிடம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் என்றேன். மச்சான் கேட்டபோது பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று ஒருபடி மேலே போனேன். நான் பிறந்தது லிந்துலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில். அம்மா கொழுந்து பறித்தவர். ஆசிரியர் கலாசாலைக்கு இடம் கிடைத்தவுடன் மலையை விட்டு இறங்கியவன், பிறகு கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும் மட்டுமே ஏறினேன். இறங்கியதை என் வாழ்க்கையின் ஒரே வெற்றியாக வைத்திருந்தேன். மகள் அங்கேயே போய் நின்றது என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. இதற்கிடையில் அவளுடைய பழைய மேலாளர் எனக்குப் போன் செய்து, அவளுடைய இடம் இன்னும் இருக்கிறது, மாதம் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார். அவளிடம் சொன்னால் போனிலேயே மறுத்துவிடுவாள் என்று நேரில் கிளம்பினேன்.

அவிசாவளை தாண்டியதும் கொண்டக்டர் மூக்கைச் சுளித்து, யாருடைய கருவாடு என்று சிங்களத்தில் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பையைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளி, அதற்கும் டிக்கட் போடவா என்று கேட்டுவிட்டுப் போனார். கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். கினிகத்தேனைக்கு முன்னால், பொல்பிட்டிய மின்நிலையத்துப் பக்கம் மலைகளின் நிறம் மாறியது. இறப்பரும் பலா மரமும் குறைந்து தேயிலை தொடங்கியது. வட்டவளையில் குளிருக்குக் கண்ணாடி ஜன்னலை மூட வேண்டியதாயிற்று.

பதினொன்றரைக்கு ஹட்டன். அங்கே அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு மாறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். கொட்டகலை, தலவாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் சாம்பல் நிறத் தண்ணீர், பிறகு லிந்துலை. நான் பிறந்த தோட்டப் பிரிவுக்குப் பிரியும் பாதையில் புதிய பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். நான் இறங்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறவன், லீவில் வருகிறான். எங்கே போகிறேன் என்று கேட்டான். தெரியாதவன்தானே என்று மகளைப் பற்றியும் சொன்னேன். "எங்க லயத்துல நாலெழுத்து படிச்சதெல்லாம் எறங்கிருச்சுங்கய்யா. ஒங்க வீட்ல மட்டுந்தான் ஏறுதாக்கும்" என்றான். கேலியா வியப்பா என்று தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அக்கரப்பத்தனை பஸாரிலிருந்து மேல் பிரிவுக்கு மூன்று கிலோமீட்டர். ஓட்டோவுக்கு ஐந்நூறு. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று பாவனையில்லாமல் கிடந்ததாம். அதை நிரோஷா வாடகைக்கு எடுத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. தலையில் துணி கட்டி, விரல்கள் கறுத்துப்போய் வெளியே வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். முதலில் பையை வாங்கி, தூரத்தில் இருந்த கூரைத் தூணில் மாட்டினாள்.

"பை வெளியிலேயே இருக்கட்டும்ப்பா. கொழுந்து பக்கத்துல இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும். தைலமும் பூசாதீங்க."

அவளோடு வேலை செய்பவர் பாக்கியம். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். உள்ளே வலைத் தட்டுகளில் அன்று காலைக் கொழுந்தைப் பரப்பி வாட விட்டிருந்தார்கள். சோப்பு வாசம் கூடாது, கற்பூரம் கூடாது என்று பாக்கியம் எனக்குச் சட்டம் சொன்னார். "பூ வெச்சு வருசமாச்சு மாஸ்டர். வூட்ல எம் புருசன் சாம்பிராணி போட்டா அன்னிக்கு நான் வாசல் ஸ்தோப்புத் திண்ணையிலதான் படுக்குறது. அவருக்கு அது ஒரு சந்தோசம்."

அந்தத் தட்டுகளில் இருந்தது சாதாரணக் கொழுந்தல்ல. கொழும்பில் தேயிலை விற்கும் ஒரு கடை அவளிடம் மாதிரி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையில் கிடைக்க வேண்டும். பிடித்தால் வருடம் முழுவதற்கும் ஓடர். பிடிக்காவிட்டால் அடுத்த மாத வாடகைக்கே வழி தெரியாது. இதையெல்லாம் அவளே ஒளிக்காமல் சொன்னாள்.

நான் மேலாளர் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கறுத்த விரல்களைத் துடைத்தாள். அந்த வேலையில் யாராவது அவமதித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். உடம்புக்கு முடியவில்லையா? அதுவும் இல்லை. காரணம் இல்லாமல் யாராவது இப்படிச் செய்வார்களா என்று குரலை உயர்த்தினேன்.

"அங்க நல்லாத்தான் செஞ்சேன். இது அதவிடப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதாம்ப்பா. பிடிச்சதுக்குப் போறதுக்கு மொதல்ல அடிபட்டுட்டுப் போகணுமா?"

மறுநாள் பறிப்பதற்கு ஆள் சொல்ல இருவரும் லயங்களுக்குப் போனார்கள். மணி நான்கு இருக்கும். நான் தனியாக இருந்தேன்.

இனி எழுதுவதை என் மனைவி எழுத வேண்டாம் என்றாள். எழுதுகிறேன். சாரல் அடித்தது. பை நனையும் என்று உள்ளே எடுத்து வந்தேன். அதுவரை குற்றமில்லை. முன்னறையில் மேசை இருந்தது. அதைத் தாண்டிக் கொழுந்து அறைக்குள் போய், தட்டுகளுக்கு அடியில் பையை வைத்து, வாயை அவிழ்த்து விட்டேன். கதவைச் சாத்தினேன். மறந்து செய்ததல்ல. மாதிரி கெட்டால் ஓடர் போகும், ஓடர் போனால் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். கணிதம் கற்பித்தவன் போட்ட கணக்கு அது. பாதையில் அவர்கள் பேச்சுக் கேட்டதும் பையை எடுத்துப் பழைய தூணிலேயே மாட்டிவிட்டு, ஈரக் குடையை உதறுகிறவன் போல நின்றேன். நனைந்து வந்தவர்களுக்கு மழை வாசம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழன் காலை ஆறரைக்கு உருட்டத் தொடங்கினார்கள். வாடிய கொழுந்தை இரண்டு கையாலும் பலகையில் அழுத்தி, சுற்றிச் சுற்றி உருட்டுவது. சாறு கசிந்து, கைச்சூட்டில் வாசம் கிளம்பும். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நின்றது பாக்கியத்தின் கை. ஒரு பிடியை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு தன் கையை முகர்ந்தார். பிறகு தன் சேலைத் தலைப்பை.

"நிரோசா, நாந்தான். முந்தாநா வூட்ல கருவாடு பொரிச்சோம். குளிச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா துணி அடுப்பு மேலதான காஞ்சுச்சு."

நிரோஷா கொழுந்தை முகர்ந்து பார்த்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. நம்பிவிட்டாள். லயத்தில் கருவாடு இல்லாத அடுப்பு ஏது? பாக்கியம் தலைத்துணியை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினார். நாளையிலிருந்து கொழுந்து பறிக்க மலைக்கே போகிறேன், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், உன் பிழைப்பில் மண் போட மாட்டேன் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே மடித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். போட்ட கணக்கு மீதியில்லாமல் முடிந்திருக்கும்.

"பாக்கியம் இல்லம்மா. நான்தான். பையைக் கொழுந்து அறையில வெச்சேன்."

"மழைக்கா?" என்றாள் நிரோஷா. தப்பிக்க ஒரு வழி திறந்துவிட்டாள்.

"இல்ல. தெரிஞ்சுதான் வெச்சேன்."

பாக்கியம் மடித்த துணியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "படிச்ச மனுசன் செய்யிற வேலையா மாஸ்டர் இது? எங்க ஆளு குடிச்சுட்டுக்கூட இப்பிடிச் செய்யாது" என்றார். அந்த வார்த்தை இன்றும் என்னிடம் இருக்கிறது.

நிரோஷா அழவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்த் தேயிலைச் செடிகளின் அடியில் கொட்டினாள். உதவப் போனேன், கையைக் காட்டித் தடுத்தாள். பிறகு கடைக்குப் போன் செய்தாள். எங்கள் பக்கத்துத் தவறு, சனிக்கிழமை அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது என்றார்களாம். அடுத்து என் போனை வாங்கி மேலாளருக்கு எடுத்தாள். வரமாட்டேன், இந்த மாதமும் இல்லை, எந்த மாதமும் இல்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லி, நன்றி கூறி வைத்தாள். போனை என் கையில் தந்தபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"நீங்க கெடுத்தா நான் வந்துருவேன்னு நெனச்சீங்களா? பழகுறப்ப நானே எத்தன தட்டு கெடுத்திருக்கேன் தெரியுமா? இன்னும் கெட்டாலும் செய்வேன். கோவம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. இருக்கு. ரொம்ப நாளைக்கு இருக்கும்."

அன்று புதுக் கொழுந்து வந்தது. என்னை உள்ளே விடவில்லை. பாக்கியத்தின் கணவர் உடுத்திக்கொள்ளத் தன் சாரத்தைக் கொடுத்து என் உடைகளைத் துவைக்க வைத்தார். மீதி இரண்டு இரவும் தைலம் இல்லாமல் முழங்கால் பிடித்து இழுத்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன். விறகு சுமந்தேன், தண்ணீர் பிடித்தேன். வெள்ளி மதியம் தேயிலை தயாரானதும் பாக்கியம் ஒரு கோப்பை ஊற்றி வாசலில் கொண்டுவந்து தந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்டால், தேயிலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மலையில் பிறந்தும் மட்டமான தூளில் போட்ட தேத்தண்ணிதான் குடித்து வளர்ந்தவன். இது வேறு ஏதோ ஒன்று. இரண்டாவது கோப்பை கேட்கத் தைரியம் வரவில்லை.

சனி காலை ஆறு மணி பஸ். நான் கொழும்புக்குத்தான் போகிறேன், மாதிரியும் கொழும்புக்குத்தான் போகிறது. நிரோஷா தகர டின்னை என்னிடம் தரவில்லை. கொண்டக்டரிடம் கொடுத்து, ஹட்டனில் கொழும்பு பஸ்ஸின் கொண்டக்டரிடம் மாற்றிவிடச் சொன்னாள். புறக்கோட்டையில் கடைப் பையன் வந்து வாங்கிக்கொள்வானாம். டின் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறியது. நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். சரியான ஏற்பாடு. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஹட்டன் வரும்வரை தலைகளுக்கு இடையில் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் அது சரியும்போதெல்லாம் எழுந்திருக்கப் பார்த்தேன்.

வத்தளை வீட்டில் வெயில், மின்விசிறி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம். ஐந்தாம் நாள் நிரோஷா போன் செய்தாள். வெள்ளிக்கிழமையே வேறொருவரின் தேயிலையைத் தெரிந்தெடுத்துவிட்டார்களாம். டின்னைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கொழுந்து வந்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஓடர் போய்விட்டது. போக்கியவன் நான். அவள் மட்டும் அங்கிருந்து போகவில்லை.

அன்று மாலையே தரகர் வந்தார். நல்ல இடம், பையன் வங்கியில் இருக்கிறான், பெண் இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாளா என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

இல்லை, அந்த வேலையை விட்டு ஒரு வருடமாகிறது, அக்கரப்பத்தனையில் தேயிலை செய்கிறாள் என்றேன். தரகர் குரலைத் தாழ்த்தி, பாவப்பட்டவரைக் கேட்பது போல, எப்போது திரும்பி வருவாள் என்றார்.

"வரமாட்டாள். பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களைப் போகச் சொல்லுங்கள். பஸ் இருக்கிறது. ஹட்டனில் மாற வேண்டும்."