உள்ளே வைத்த மேப்பிள்

இன்று ஹீட்டரைப் போட்டதும் தூசி கருகும் மணம் வந்தது. அந்த மணம் வந்தாலே நான் ஏழு வயதுப் பிள்ளைதான்.

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த பார்க்டேல் அப்பார்ட்மென்டில் குளிர் தொடங்கினால் அம்மா கறிவேப்பிலைச் சாடியை பல்கனியிலிருந்து உள்ளே இழுத்து ஹீட்டரடியில் வைப்பா. யாரோ தந்த ஜப்பானிய மேப்பிள் கன்றையும் அப்படியே வைத்தா. அது குளிரில் உறங்க வேண்டிய மரம் என்று எங்களுக்கு யார் சொன்னது? பள்ளிக்கூடம் விட்டால் நானும் உள்ளேதான்.

"வெளியிலை போனா சளி பிடிக்கும்" என்று அம்மா கதவுச் சங்கிலியைப் போட்டுவிடுவா.

பனி கொட்டும் நடு மாரியில் மேப்பிள் வெளிறிய இலைகளை விட்டு, யன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு பட்டுப்போனது.

"சூடு காணேல்லைப் போலை" என்றா அம்மா, ஹீட்டரை இன்னும் கூட்டியிருக்கலாம் என்பதுபோல.

இப்போது அஜக்ஸில், என் வீட்டு வாசலில் ஒரு மேப்பிள் நிற்கிறது. மாரி முழுக்க அதை வெளியேதான் விடுகிறேன். என்னோடு இருக்கும் அம்மா இன்று சப்பாத்தும் கையுமாகக் கதவடிக்கு வந்தா.

"கொஞ்சம் வெளியிலை நிண்டிட்டு வரட்டே, பிள்ளை?"

"வேண்டாம் அம்மா, குளிர். விழுந்திடுவியள்."

சங்கிலியைப் போட்டேன். அம்மா யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து மரத்தையே பார்த்தா.

"உதுக்கு மட்டும் குளிராதாமோ?"